கூடும் முறையும் படைப்பு மனமும்: ஆட்டிசம், நரம்பியல் பன்மை, கல்வி வளாகம்

ஆட்டிசம் உள்ளவர்களின் படைப்பாற்றலைப் பற்றிப் பேச முற்படும் நூல்களும் மேடைகளும் பெரும்பாலும் ஒரு மனிதரைத் தனியே நிறுத்தி, அவர் வரைந்த ஓவியத்தையோ நொடியில் அவர் சொன்ன கணக்கின் விடையையோ காட்டி, இப்படியொரு திறமை இவருக்கு எங்கிருந்து வாய்த்தது என்று வியந்து நின்றுவிடுகின்றன. அந்த வியப்பில் தவறொன்றும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியை அது மறைத்துவிடுகிறது. அம்மனிதர் எத்தகைய இடத்தில், யாரிடையே, எந்த ஒழுங்கின்படி அமைந்த கூட்டத்தில் இருந்தபோது அத்திறமை வெளிப்பட்டது, வேறொரு கூட்டத்தில் ஏன் அது வாய் திறக்காமல் போயிற்று என்பதே அக்கேள்வி. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் கண்காட்சி, கருத்தரங்கு, கலைவிழா, மாணவர் மன்றக் கூட்டம் ஆகியவற்றை இக்கேள்வியோடு அணுகி, ஒரு வளாக நிகழ்வு ஆட்டிசத்தைப் பற்றி உண்மையில் என்ன கருதுகிறது என்பதை அதன் மேடைப் பேச்சைக் காட்டிலும் அது அமைக்கப்பட்ட விதமே தெளிவாகச் சொல்கிறது என்று காட்டுவது இவ்வுரையின் நோக்கமாகும்.

ஆட்டிசம் என்பது குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே புலப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடரும், மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசுவதிலும் முகக்குறிப்பையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் படித்து உறவாடுவதிலும் அது வேறுபட்ட வழியை மேற்கொள்ளும்; ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும், ஒரு பொருளில் ஆழ்ந்து தோய்வதிலும், அன்றாட ஒழுங்கு மாறாதிருப்பதை வேண்டுவதிலும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். பேச்சே வராதவர் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை இவ்வரையறைக்குள் அடங்குவதால், அளவிலும் தன்மையிலும் வேறுபடும் இத்தொகுதியை ஒரு நிறமாலையாகக் கருதுவது வழக்கம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க்குறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணரும் தன்மையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த ஒன்றை மருத்துவம் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்ட இடம் இது. ஒரு மண்டபத்தின் விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருவர் அங்கே இருக்க முடியுமா என்பதையே தீர்மானிக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் நிகழ்வுகளைப் பற்றிய பேச்சுக்கே பொருள் உண்டாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் மருத்துவர் மூவர் நிற்கின்றனர். கீவ் நகரில் பிறந்து மாஸ்கோவில் பணியாற்றிய க்ரூன்யா சுகரேவா 1925-இல் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்று ஆட்டிசம் எனப்படும் இயல்புகளை ஏறத்தாழ முழுமையாகவே விவரித்ததோடு, அச்சிறுவர்களுள் சிலருக்கு இசையில் இருந்த நாட்டத்தையும் குறித்துவைத்தது; ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது மேற்குலகில் பேசப்படவில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக நிறுவியதாகப் பெயர் பெற்றது. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் தம் ஆய்வை வெளியிட்டு, தாம் கண்ட சிறுவர்களுள் சிலர் அறிவியலிலும் கலையிலும் உயர்வார்கள் என்று பரிந்து எழுதினார்.

அந்தப் பரிவின் மறுபக்கம் 2018-இல்தான் முழுமையாக வெளிவந்தது. ஆஸ்திரிய வரலாற்றறிஞர் ஹெர்விக் செக் ஆவணங்களைத் தேடி எடுத்து, நாஜி ஆட்சிக் காலத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்னும் வியன்னா நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பிவைத்திருப்பதை நிறுவினார். அந்நிலையத்தில் ஏறத்தாழ 789 குழந்தைகள் மாண்டனர். திறமை தெரிந்த சிறுவனுக்காக வாதாடிய அதே பேனா, திறமை தெரியாத சிறுமியை அந்நிலையத்துக்கு அனுப்பவும் கையெழுத்திட்டது. ஆட்டிசத்தைப் படைப்பாற்றலோடு சேர்த்துப் பேசும் எவரும் இச்செய்தியை மறக்கலாகாது. ஏனெனில் ஒரு மனிதரின் திறமையே அவர் வாழும் உரிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் இடத்தில், அத்திறமையைக் காட்ட இயலாத மற்றொருவரின் உரிமை சொல்லாமலே கேள்விக்குள்ளாகிறது. சிறந்த ஓவியம் வரைகிறார் என்பதற்காக ஆட்டிசம் உள்ளவரைப் பாராட்டும் விழாக்கள் நல்லெண்ணத்தோடுதான் நடத்தப்படுகின்றன. எனினும் அவற்றின் அடியில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இருபதாண்டுகளில் பழி தாய்மார்கள்மேல் விழுந்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால் குழந்தை தன்னுள் ஒடுங்கிக்கொள்கிறது என்னும் கருத்தைப் புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஆட்டிசத்துக்கு உயிரியல் காரணமே உண்டு என்று, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே வாதிட்டிருந்தார். பெட்டல்ஹைமின் நூல் வந்த அதே 1967-இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுன் என்னும் சிறு கல்லூரி ஊரில் வாழ்ந்த கிளாரா கிளேபோர்ன் பார்க் என்னும் தாய், தம் மகளின் முதல் எட்டாண்டுகளை ‘முற்றுகை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட தாய்மாருள் ஒருவர் தம் கண்ணால் கண்டதைத் துல்லியமாக எழுதி அளித்த அந்நூல், ஆட்டிசம் பற்றிய எழுத்தின் போக்கையே மாற்றியது. அம்மகளின் பிற்கால வாழ்வு கல்வி வளாகங்களோடு பிணைந்திருப்பதால், இங்கே அதைச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும்.

1958-இல் பிறந்த ஜெசிகா பார்க்கின் தந்தை வில்லியம்ஸ் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். தாயும் பின்னாளில் அங்கே ஆங்கிலம் கற்பித்தார். ஜெசிகா அதே கல்லூரியின் அஞ்சலறையில் பல்லாண்டுகள் ஊழியராகப் பணிபுரிந்தார். கடிதத்தை அதற்குரிய அறைக்குள் இடும் வேலையில், நாள்தோறும் மாறாத ஒழுங்கும், சரி என்றும் தவறு என்றும் ஐயமின்றிச் சொல்லத்தக்க விளைவும் உண்டு. அவருடைய இயல்புக்கு அது பொருந்தியது. மாலையிலும் விடுமுறையிலும் அவர் வண்ணம் தீட்டினார். தொடக்கத்தில் அவரை ஈர்த்தவை பிறர் ஏறெடுத்தும் பார்க்காத பொருள்கள்: வானொலிப் பெட்டியின் எண்முகப்பு, மின்சாரப் போர்வையின் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அறையைச் சூடேற்றும் கருவியின் சிவந்த கம்பிகள். பின்னர் வீடுகளும் பாலங்களும் தேவாலயங்களும் வந்தன. அக்கட்டடங்களில் சாளரச் சட்டமும் செங்கல் வரிசையும் பிசகுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பரப்பும் இயற்கையில் காணாத ஒரு நிறத்தைப் பூண்டிருக்கும், வெளிர்நீலம் இளஞ்சிவப்பை அடுத்தும், எலுமிச்சை மஞ்சள் ஊதாவை அடுத்தும் கலப்பின்றித் தட்டையாகப் பூசப்பட்டிருக்கும். மேலே இருண்ட வானில் விண்மீன் கூட்டங்கள் தத்தம் இடத்தில் நிற்கும். வரைவு துல்லியத்தின் பக்கமும் நிறம் கற்பனையின் பக்கமும் நின்று, இரண்டும் ஒரே சட்டத்துக்குள் பகையின்றி அமைந்திருப்பதே இவ்வோவியங்களின் தனித்தன்மை.

படம் விற்ற காசோலையால் வங்கிக் கணக்கின் எண் உயர்வதைக் காண்பதில் மகளுக்கு இருந்த மகிழ்ச்சியே அவரைத் தொடர்ந்து வரையத் தூண்டியது என்று தாய் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். கலை என்றால் உள்ளத்தின் தவிப்பு என்று பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் எண்களின் வரிசையில் இன்பம் காணும் ஒரு மனம், அவ்வின்பத்தின் வழியாகவே கலைக்குள் நுழைந்திருக்கிறது என்பதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வதே நேர்மை. வில்லியம்ஸ்டவுனுக்கு அடுத்த ஊரான நார்த் ஆடம்ஸில் உள்ள மாசச்சூசெட்ஸ் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, ஜெசிகாவின் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி அவருடைய ஓவியங்களைக் கல்விப் பொருளாக எடுத்துக்கொண்டது. அவ்வோவியங்களைப் பற்றி அங்குள்ள பேராசிரியர் டோனி கெங்கரெல்லி தொகுத்த நூல் 2008-இல் வெளியாயிற்று. இங்கே கவனிக்கத்தக்கது, ஓர் ஓவியர் என்ற நிலையில் அவருடைய படைப்பு முறை, நிறத் தெரிவு, பொருள் தெரிவு ஆகியவை ஆராயப்பட்டமையாகும். அனுதாபத்துக்காகச் சுவரில் மாட்டப்பட்ட படத்துக்கும், ஆராய்வதற்காக மாட்டப்பட்ட படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர் உடனே உணர்வர்.

ஆட்டிசத்தில் கற்பனை குறைவு என்பது நெடுநாள் நிலவிய கருத்து. லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்த லோர்னா விங், ஜூடித் கூல்ட் இருவரும் 1979-இல் சமூக உறவு, தொடர்பாடல், கற்பனை ஆகிய மூன்றிலும் ஒருங்கே காணப்படும் குறைபாடாக ஆட்டிசத்தை வரையறுத்தனர். பொம்மையைக் குழந்தையாக எண்ணித் தாலாட்டும் பாவனை விளையாட்டு இக்குழந்தைகளிடம் அருகியிருந்ததே இதற்கு அடிப்படை. பாவனை விளையாட்டின் இன்மையைக் கற்பனையின் இன்மை என்று கொண்டது அவசர முடிவு. கிழக்கு ஆங்கிலியா, ஸ்டர்லிங் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் பங்கேற்ற 312 பேரிடம் ஒரு செங்கல்லையோ ஜெம் கிளிப்பையோ எத்தனை வகையில் பயன்படுத்தலாம் என்று கேட்கப்பட்டது. ஒரு வினாவுக்குப் பல திசைகளில் விடை தேடும் இவ்வாற்றலை உளவியலார் விரிசிந்தனை என்பர். ஆட்டிசப் பண்புகள் மிகுந்தவர்கள் சொன்ன விடைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், பிறர் சொல்லாத புதுமையில் மிகுதியாகவும் இருந்தன. கிளிப்பைக் கொக்கியாக வளைக்கலாம், இடுக்கில் உள்ள அழுக்கைக் குத்தி எடுக்கலாம் என்பன எவர்க்கும் முதலில் தோன்றும் விடைகள். காகித விமானத்தின் முனைக்கு எடையாக வைக்கலாம், பூந்தண்டு சாயாமல் தாங்கும் கம்பியாக்கலாம் என்பன அரிய விடைகள். பெரும்பாலோர் எளிய விடைகளையெல்லாம் சொல்லித் தீர்த்த பின்னரே அரிய விடைக்கு வந்து சேர்கின்றனர். ஆட்டிசப் பண்புகள் மிகுந்தவர்கள் அந்த எளிய படிகளைத் தாண்டி நேரே அங்கே போய்விடுகின்றனர் என்பதே ஆய்வாளர்கள் கூறிய விளக்கம்.

இதன் நடைமுறைப் பொருள் பெரிது. நிமிடத்துக்கு எத்தனை கருத்து என்று எண்ணும் போட்டியிலும், கையுயர்த்தி முந்திக்கொள்பவர் பேசும் கலந்துரையாடலிலும் இத்தகையவர் பின்தங்கிப் போவார். நேரம் கொடுத்து, எழுதித் தரவும் இடம் கொடுத்தால் அவருடைய விடையே கூட்டத்தில் புதியதாக இருக்கக்கூடும். கூட்டத்தை அமைக்கும் முறை இங்கே படைப்பாற்றலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

இவ்வுண்மையை முதலில் செயலில் காட்டியவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. 1992-இல் ஜிம் சின்க்ளேர், கேத்தி லிஸ்னர் கிராண்ட், ஆஸ்திரேலிய எழுத்தாளரும் ஓவியருமான டோனா வில்லியம்ஸ் ஆகியோர் ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஒரு பன்னாட்டு வலையமைப்பை உருவாக்கினர். மறு ஆண்டு டொரொன்டோவில் நடந்த மாநாட்டில் சின்க்ளேர் பெற்றோரை நோக்கி ஆற்றிய உரை, ஆட்டிசம் உள்ள குழந்தைக்காக இரங்கி அழுவதை விடுத்து அக்குழந்தையை உள்ளபடி அறிய முயலுமாறு வேண்டியது. அதுவரை நடந்த மாநாடுகளில் மருத்துவரும் பெற்றோரும் பேசுவர். ஆட்டிசம் உள்ளவர் யாரேனும் அழைக்கப்பட்டால், தம் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு இறங்குவார். கைத்தட்டலும் கூரிய விளக்கும் நெரிசலும் அவரை வருத்தும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1996-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆட்ரீட் என்னும் ஆண்டுக் கூடல் இதற்கு மாற்றாக அமைந்தது. அங்கே வாசனைத் திரவியம் பூசிவருவதும், பளிச்சிடும் விளக்கோடு ஒளிப்படம் எடுப்பதும் விலக்கப்பட்டன. எந்த அமர்விலும் கலந்துகொள்ளலாம், எதிலும் கலந்துகொள்ளாமலும் இருக்கலாம். வாய்ப்பு உண்டு, வற்புறுத்தல் இல்லை என்பதே அதன் நெறி. உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதோ கைகளை அசைப்பதோ தரையில் அமர்வதோ யாருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. எல்லாவற்றிலும் எளிமையும் கூர்மையும் வாய்ந்தது அங்கே பயன்பட்ட வண்ண அட்டை. பங்கேற்பாளர் கழுத்திலோ சட்டையிலோ மாட்டிக்கொள்ளும் பெயரட்டை உறையில் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகள் இருக்கும். வேண்டிய வண்ணத்தை முன்புறம் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். சிவப்பு தெரிந்தால் அவரிடம் யாரும் பேச்சைத் தொடங்கலாகாது. மஞ்சள் தெரிந்தால், முன்னரே அவரிடம் இசைவு பெற்ற அறிமுகமானவர் மட்டும் பேசலாம். பச்சை தெரிந்தால், அவர் பேச விரும்புகிறார், ஆனால் தாமாகத் தொடங்குவது அவருக்குக் கடினம், மற்றவர் தொடங்க வேண்டும் என்று பொருள்.

இம்மூன்றனுள் பச்சை அட்டைதான் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. ஆட்டிசம் உள்ளவர் தனிமையையே விரும்புபவர் என்னும் பரவலான நம்பிக்கையை, ஒரு சொல்லும் பேசாமல் அந்தச் சிறு அட்டை மறுத்துவிடுகிறது. உறவை நாடியும் அதற்கான முதற்சொல் வாய்க்காமல் ஓரமாக நிற்கும் மனிதருக்காக, அம்முதற்சொல்லின் பொறுப்பைக் கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆட்ரீட் பின்னர் நின்றுபோயிற்று. ஆனால் 2005 முதல் பிரிட்டனில் நடந்துவரும் ஆட்ஸ்கேப் கூடலும், பல பல்கலைக்கழக மாநாடுகளும் அந்த அட்டை முறையை ஏற்றுக்கொண்டன.

நரம்பியல் பன்மை என்னும் கருத்தும் இதே காலத்தில்தான் உருப்பெற்றது. மனித மூளைகள் ஒன்றோடொன்று வேறுபடுவது இயற்கை, அவ்வேறுபாடுகளுள் ஒரு வகையை அளவுகோலாக்கி மற்றவற்றைப் பழுதென்று ஒதுக்குவது சமூகத்தின் செயல் என்பது அதன் சாரம். சிட்னியைச் சேர்ந்த சமூகவியல் மாணவி ஜூடி சிங்கர் 1998-இல் எழுதிய பட்ட ஆய்வேட்டிலும், அதே ஆண்டு அமெரிக்க இதழாளர் ஹார்வி ப்ளூம் எழுதிய கட்டுரையிலும் இச்சொல் இடம்பெற்றது. அதை ஆக்கியவர் ஒருவரென்று சொல்வதைவிட, ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் நடத்திய நீண்ட உரையாடலில் அது விளைந்தது என்பதே சரியாகும்.

இக்கருத்துக்கு ஆய்வு வலிமை சேர்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்தவரும் தாமே ஆட்டிசம் உள்ளவருமான டேமியன் மில்டன். ஆட்டிசம் உள்ளவர்க்குப் பிறர் மனத்தை அறியும் ஆற்றல் குறைவு என்று 1985 முதல் உளவியல் சொல்லிவந்தது. புரியாமை இருபுறமும் உள்ளது, ஆட்டிசம் இல்லாதவரும் ஆட்டிசம் உள்ளவரின் மனத்தை அறியத் தவறுகின்றனர் என்று மில்டன் 2012-இல் எழுதினார். ஒருவர் நிலையில் நின்று மற்றவர் உணர்வதை ஒப்புணர்வு என்பதால், இது இருவழி ஒப்புணர்வுச் சிக்கல் எனப்பட்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிராம்ப்டனும் குழுவினரும் இதைச் சோதித்தனர். 72 பேரை எட்டெட்டுப் பேராக ஒன்பது சங்கிலிகளில் நிறுத்தி, முதலில் நின்றவரிடம் ஒரு கதையைச் சொல்லி, அவர் அடுத்தவருக்கும் அடுத்தவர் அதற்கடுத்தவருக்கும் சொல்லும்படி செய்தனர். மூன்று சங்கிலிகளில் எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர், மூன்றில் எவர்க்கும் ஆட்டிசம் இல்லை, மூன்றில் இருவகையினரும் மாறிமாறி நின்றனர். 2020-இல் வெளியான முடிவின்படி முதல் இருவகைச் சங்கிலிகளும் கதையை ஒரே அளவில் காப்பாற்றின. கலப்புச் சங்கிலியில் கதை விரைவாகத் தேய்ந்தது. 311 பேர் பங்கேற்று 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் கலப்புச் சங்கிலியின் அந்தச் சரிவு மீண்டும் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் செய்தியைக் குறைவின்றிக் கடத்துகின்றனர் என்பது இரண்டு ஆய்வுகளிலும் நின்று நிலைத்தது. தொடர்பாடல் என்பதே அவர்களிடம் பழுதுபட்டிருந்தால் இது நடந்திராது.

அதே முறையில் கதைக்குப் பதிலாகக் கைவேலையை வைத்து ஹாரியட் ஆக்ஸ்பியும் உடன் பணியாற்றியவர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, படைப்பாற்றல் பற்றிய இந்தப் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. உலர்ந்த ஸ்பகெட்டிக் குச்சிகளையும் பிசைந்து உருட்டும் களிமண்ணையும் கொண்டு இயன்றவரை உயரமான கோபுரம் கட்டுவதே பணி. ஒவ்வொருவரும் தமக்கு முன்னவர் கட்டியதைக் கண்டபின் தம் கோபுரத்தைக் கட்டுவர். ஒரே வகையினர் மட்டும் இருந்த சங்கிலிகளில், அவர்கள் ஆட்டிசம் உள்ளவராயினும் இல்லாதவராயினும், கோபுரங்கள் முன்னதை ஒத்தே அமைந்தன. இருவகையினரும் கலந்த சங்கிலிகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பது குறைந்தது, வடிவங்கள் பலவாயின. எளிதாகப் பேசிப் புரிந்துகொள்ள ஒத்தவரின் கூட்டம் உதவுகிறது. புதிய வடிவம் பிறக்க வேறுபட்டவரின் கலப்பு உதவுகிறது. சிறிய ஆய்வுதான், ஆயினும் வளாகங்கள் இரண்டு வகைக் கூடல்களையும் பேண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள மாணவர்கள் தமக்குள் கூடுவதற்கென ஒரு மன்றமும் தேவை. அனைவரும் கலந்து ஒன்றைச் செய்து பார்க்கும் பட்டறையும் தேவை.

பல்கலைக்கழகங்கள் இதைக் கையாளத் தொடங்கியிருப்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். வர்ஜீனியாவில் 1693-இல் நிறுவப்பட்ட வில்லியம் அண்டு மேரி கல்லூரி 2012-இல் நரம்பியல் பன்மைக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஜான் எல்டர் ராபிசனைத் தன் வளாக அறிஞராக அமர்த்தியது. பள்ளிப் படிப்பையே முடிக்காத ராபிசன், 1970-களின் இறுதியில் கிஸ் என்னும் ராக் இசைக்குழுவுக்காகத் தீயும் ராக்கெட்டும் பாய்ச்சும் கிதார்களை வடிவமைத்தவர். தமக்கு ஆட்டிசம் உண்டென்று நாற்பது வயதில்தான் அறிந்தவர். அவர் அங்கே பேராசிரியர்களோடு சேர்ந்து பாடம் நடத்தினார். ஆட்டிசத்தைப் பற்றிய வகுப்பை ஆட்டிசம் உள்ளவரே நடத்துவது, ஒரு நாள் விழாவில் அவரைப் பேசவைப்பதினும் மேலானது.

அயர்லாந்தின் டப்ளின் மாநகரப் பல்கலைக்கழகம் 2018-இல் உலகின் முதல் ஆட்டிச நேயப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்-ஐ-ஆம் என்னும் அந்நாட்டு ஆட்டிச அமைப்போடு சேர்ந்து, மாணவர்களிடம் ஆய்வு நடத்தி, எட்டு நெறிகளை வகுத்த பின்னரே அவ்வறிவிப்பு வந்தது. பாடத்துக்கு வெளியே உள்ள வாழ்க்கையையும் அந்நெறிகள் கணக்கில் எடுத்துக்கொண்டன. ஏனெனில் ஆட்டிசம் உள்ள மாணவர் பலர் பாடத்தில் தோற்பதால் கல்லூரியை விடுவதில்லை, உணவகத்தின் இரைச்சலிலும் அறிமுக வாரத்தின் நெரிசலிலும் களைத்துப்போய் விடுகின்றனர்.

நரம்பியல் பன்மைக் கருத்தின்மேல் ஒரு கடுமையான குறை சொல்லப்படுகிறது. பேசவும் எழுதவும் வல்லவர்களின் குரலே அதில் ஒலிக்கிறது, நாள் முழுவதும் துணை தேவைப்படுவோர் அதில் மறைந்துபோகின்றனர் என்பது அது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2021-இன் இறுதியில் அத்தகையோரைத் தனியே குறிக்க ஒரு பெயர் வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கும் இக்கவலையே காரணம். பெற்றோரின் இக்கவலை முற்றிலும் நியாயமானது. அதற்குச் செவிசாய்க்காத பன்மைக் கருத்து தன் பெயருக்கே தகுதியற்றது. எனினும் இதற்கான விடை, திறமையாளரைக் கொண்டாடுவதை விரிவுபடுத்துவதில் இல்லை. ஒலியைக் குறைப்பதும், ஒழுங்கை முன்னரே சொல்வதும், விலகிப்போய் அமர ஓர் அறை வைப்பதும் பேராசிரியருக்கும் பேச்சே வராத இளைஞருக்கும் ஒருசேரப் பயன்படுகின்றன. திறமையைச் சோதித்துப் பார்த்து அனுமதிக்கும் மேடையைவிட, எவரையும் சோதிக்காமல் இடம்தரும் மண்டபமே இக்குறைக்குச் சரியான மறுமொழி.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகளாக இருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோர்க்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்குமாறு அதன் 32-ஆம் பிரிவு பணிக்கிறது. அதிகம் பேசப்படாத 29-ஆம் பிரிவோ, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்வதை உரிமையாக்கி, மாற்றுத்திறனுள்ள கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் வசதியும் ஆதரவும் அளிக்கவும், கலைப் பாடங்களை அவர்கள் பங்கேற்கும் வகையில் மாற்றியமைக்கவும் சொல்கிறது. இடம் பெற்று உள்ளே வந்த மாணவர், கல்லூரி விழா அன்று வீட்டிலேயே இருந்துவிட்டால் சட்டத்தின் ஒரு பாதிதான் நிறைவேறியது.

ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஐக்கிய நாடுகள் பேரவையின் தீர்மானப்படி 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் ஒரு கல்லூரி அரங்கில் வழக்கமாக நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். பத்தரை மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்ட விழா, சிறப்பு விருந்தினர் வரவேண்டும் என்பதற்காகப் பதினொன்றரைக்குத் தொடங்கும். ஒலிபெருக்கி கீச்சிடும், யாரோ ஒருவர் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று பலமுறை சொல்வார். குத்துவிளக்கு ஏற்றும்போதும் பொன்னாடை போர்த்தும்போதும் கேமராக்கள் அடுத்தடுத்துப் பளிச்சிடும். நேரம் போய்விட்டதால் நிகழ்ச்சி நிரலின் வரிசை மேடையிலேயே மாற்றப்படும். நான்காவதாகப் பாடவிருந்த மாணவர் திடீரென முதலில் அழைக்கப்படுவார். பத்தரைக்காகத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டு வந்து, நான்காவது இடத்தை மனத்தில் உறுதிசெய்து வைத்திருந்த ஆட்டிசம் உள்ள மாணவர் அவராக இருந்தால், அவரைப் போற்ற எடுத்த விழாவே அவரைப் பாட விடாமல் செய்துவிடும். இதில் யாருடைய மனத்திலும் தீமை இல்லை. ஆனால் விழாவின் பழக்கங்கள் யாரைக் கருதி அமைந்தவை என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிறது.

இவற்றை மாற்றப் பெருஞ்செலவு எதுவும் தேவைப்படாது. அழைப்பிதழோடு நிமிட வாரியான நிரலையும், அரங்கின் படத்தையும், எங்கே ஒலி மிகும், எங்கே அமைதியான அறை உள்ளது என்னும் குறிப்பையும் ஒரு வாரம் முன்னரே அனுப்பலாம். விருந்தினர் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் தொடங்கலாம். கலைவிழாவின் மூன்று நாள்களில் ஒரு முற்பகலை ஒலிபெருக்கியின்றி நடத்தலாம். மூவண்ண அட்டைகளை அச்சிட ஆகும் செலவு ஒரு பொன்னாடையின் விலையைத் தாண்டாது. பெற்றோரும் சிறப்பாசிரியரும் துணைக்கு வர இடமளிக்கலாம். இவை அனைத்திலும் முதன்மையானது, விழாக் குழுவிலேயே ஆட்டிசம் உள்ள மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் உறுப்பினராக்கி, அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை வேண்டாம் என்றே ஏற்றுக்கொள்வது. ஓவியமோ இசையோ அவர்கள் அளித்தால், மற்றக் கலைஞர்க்கு அளிக்கும் மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் அளிப்பது. இவ்வுரையைப் படிக்கும் கல்லூரி முதல்வர்களும் மாணவர் மன்றப் பொறுப்பாளர்களும் அடுத்த ஆண்டு விழாவுக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்துக்கு அம்மாணவர்களை அழைக்க வேண்டும் என்று இதன்வழி வேண்டிக்கொள்ளப்படுகின்றனர்.